வர்த்தக ஒப்பந்தங்களும் சர்க்கரை நோயும்: மெக்சிகோ பட்ட பாடு

வான்கோழியின் வால் இறகுகள் முளைக்கும் இடத்தில் முக்கோணமாக ஒரு துண்டு இருக்கும். எண்ணெய்ச் சுரப்பி இருப்பது அங்கேதான். பெயருக்குத்தான் இறைச்சி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் கொழுப்பு. அமெரிக்காவில் இதை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கழித்துப் போடும் இந்தத் துண்டைப் பசிபிக் தீவுகளுக்குக் கப்பல் ஏற்றினால் காசாகும் என்று அங்குள்ள கோழிப் பண்ணைத் தொழில் கண்டுகொண்டது. சமோவாவில் அது மலிவாகக் கிடைத்தது, ருசியாகவும் இருந்தது. இரண்டு தலைமுறைக்குள் உள்ளூர்ச் சாப்பாடாகவே மாறிவிட்டது. இன்று அந்த நாட்டில் வயதுவந்தவர்களில் பாதிக்கு மேல் உடல் பருமன் உள்ளவர்கள். சர்க்கரை நோயும் இதய நோயும் வீட்டுக்கு வீடு.

2007 ஆகஸ்டில் சமோவா அரசு வான்கோழி வால் இறக்குமதிக்குத் தடை போட்டது. அந்த நேரத்தில் அது உலக வர்த்தக அமைப்பில் சேர விண்ணப்பித்துவிட்டு வரிசையிலும் நின்றுகொண்டிருந்தது. உள்ளே வர வேண்டுமானால் தடையை எடுக்க வேண்டும் என்றார்கள். பேச்சுவார்த்தை முடிவில் ஒரு சமரசம்: தடை போகும், அதற்குப் பதில் இரண்டு ஆண்டுகளுக்கு 300 சதவீத இறக்குமதி வரி, அதன்பின் 100 சதவீதம். 2012 மே மாதம் சமோவா உறுப்பு நாடானது.

உலக வர்த்தகம் மக்கள் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று பேசுகிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை இது. கதை உண்மைதான். ஆனால் இதைக் கேட்டுவிட்டு, 'வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் கெட்ட சாப்பாடுதான் பிரச்சினை, அதற்கு வரி போட்டுத் தடுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்று முடிவுகட்டினால் பெரும்பகுதி கண்ணில் படாமல் போய்விடும். வான்கோழி வால் துறைமுகம் வழியாக வருகிறது, சுங்க அதிகாரி பார்க்கிறார், தடுக்கலாம். குளிர்பானம் என்ற சர்க்கரைத் தண்ணீர் அப்படி வருவதில்லை. அது உள்ளூர்த் தண்ணீரில், உள்ளூர்த் தொழிலாளர் கையால், உள்ளூர் ஆலையில் தயாராகிறது. எல்லை தாண்டி வருவது முதலீடு. பொருளுக்கான சுங்க வரியைவிட, முதலீட்டுக்கான விதிகள்தான் மக்களின் உடம்பை அதிகம் மாற்றியிருக்கின்றன என்பது என் எண்ணம். அதற்கு மெக்சிகோவைவிட நல்ல சாட்சி கிடையாது.

நாஃப்டா வந்த நாள்

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்து போட்ட நாஃப்டா ஒப்பந்தம் 1994 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. அன்றைக்கே மெக்சிகோவின் தெற்கு மாநிலமான சியாபாஸில் ஜபதிஸ்தாக்கள் என்ற பழங்குடிக் கிளர்ச்சியாளர்கள் துப்பாக்கியோடு எழுந்தார்கள். இந்த ஒப்பந்தம் பழங்குடி விவசாயிகளுக்கு எழுதிய சாவோலை என்றார்கள். அவர்கள் மனதில் இருந்தது மக்காச்சோளம். மெக்சிகோக்காரர்களுக்குச் சோறு என்றால் மக்காச்சோள ரொட்டிதான். அந்தப் பயிரையே உலகுக்குக் கொடுத்த மண் அது. மானியத்தில் விளைந்த அமெரிக்க மக்காச்சோளம் வரியில்லாமல் உள்ளே வந்தால் சிறு விவசாயி என்ன செய்வார்? சில ஆண்டுகளில் வரிகள் படிப்படியாகக் குறைந்து, 2008ல் முழுதாக நீங்கின. நிலத்தை விட்டுவிட்டு நகரத்துக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் ஏராளம்.

விவசாயி பட்ட அடியைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாதது, ஒப்பந்தத்தின் 11ஆம் அத்தியாயம். முதலீடு பற்றிய அத்தியாயம் அது. சாரத்தை எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான்: வெளிநாட்டு நிறுவனத்தை உள்ளூர் நிறுவனத்துக்கு இணையாக நடத்த வேண்டும். 'உள்ளூர்ப் பொருளை இத்தனை சதவீதம் வாங்கு' என்பது போன்ற நிபந்தனைகள் கூடாது. லாபத்தை வெளியே கொண்டுபோகத் தடை கூடாது. அரசின் நடவடிக்கையால் நஷ்டம் என்று நிறுவனம் கருதினால், அந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகாமலேயே நேராக சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்தில் அரசுமீது வழக்குப் போடலாம். படிக்கும்போது சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகவே தோன்றாது.

பணம் எப்படிப் பாய்ந்தது என்று பார்த்தால் சம்பந்தம் தெரியும். 1987ல் அமெரிக்க நிறுவனங்கள் மெக்சிகோவின் உணவுப் பதப்படுத்தும் துறையில் போட்ட முதலீடு 21 கோடி டாலர். 1999ல் அது 530 கோடி டாலர். பன்னிரண்டு ஆண்டுகளில் இருபத்தைந்து மடங்கு. அதில் முக்கால் பங்கு போனது பாக்கெட்டிலும் பாட்டிலிலும் வரும் பதப்படுத்திய உணவுகளுக்கு. வால்மார்ட் 1991லேயே கடை திறந்துவிட்டது. கோகோ கோலா நிறுவனம் 1993ல், மெக்சிகோவின் ஃபெம்சா குழுமத்துடைய பாட்டில் நிரப்பும் தொழிலில் 30 சதவீதப் பங்கை வாங்கியது. ஒப்பந்தம் அமலாகும் முன்பே, அது வரப்போகிறது என்ற நம்பிக்கையில் வந்த பணமும் இதில் உண்டு.

ஃபெம்சாவுக்கு இன்னொரு தொழிலும் இருக்கிறது: ஆக்ஸோ என்ற சிறு கடைச் சங்கிலி. மெக்சிகோ முழுவதும் 20,000க்கு மேல் கடைகள், தெருமுனைக்குத் தெருமுனை சிவப்பு மஞ்சள் பலகை. பானத்தை நிரப்புவதும் அதே குழுமம், குளிர்பெட்டியில் வைத்து விற்பதும் அதே குழுமம். 2000ல் நாட்டின் குடியரசுத் தலைவராக வந்த விசென்தே ஃபாக்ஸ், கோகோ கோலாவின் வண்டியில் போய்ச் சரக்குப் போடும் விற்பனையாளராக வேலைக்குச் சேர்ந்து, அதன் மெக்சிகோ தலைவர்வரை உயர்ந்தவர். இதைச் சதி என்று சொல்ல வரவில்லை. அந்த நாட்டில் அந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்பதற்கு அளவுகோல், அவ்வளவுதான்.

சியாபாஸுக்கே வருவோம். சான் கிறிஸ்தோபால் தெ லாஸ் காசாஸ் என்ற மலை நகரத்தின் ஓரத்தில் ஃபெம்சாவின் பாட்டில் ஆலை இருக்கிறது. நிலத்தடியிலிருந்து நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி. அதே ஊரில் பல வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. வந்தாலும் நம்பிக் குடிக்க முடியாது. ஆனால் கோலா எந்தப் பெட்டிக்கடையிலும் குளிர்ந்தே கிடைக்கும், அதுவும் பாட்டில் தண்ணீருக்கு ஏறக்குறைய அதே விலையில்.

பக்கத்து ஊரான சான் ஹுவான் சாமுலாவின் தேவாலயத்துக்குள் போனால் பெஞ்சு நாற்காலி எதுவும் கிடையாது. தரை முழுக்கப் பைன் மர இலைகள். அதன்மேல் சோட்சில் இனத்து மக்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, தரையிலேயே மெழுகுவத்திகளை வரிசையாக ஒட்டி ஏற்றியிருப்பார்கள். மெழுகுவத்திகளுக்குப் பக்கத்தில் முட்டை, சில சமயம் ஒரு கோழி, நாட்டுச் சாராயம், கூடவே கோலா பாட்டில்கள். கோலாவைக் குடித்து ஏப்பம் விட்டால் உள்ளேயிருக்கும் கெட்டது வெளியேறும் என்பது நம்பிக்கை. சுற்றுலாப் பயணிகள் இதை வேடிக்கையாக எழுதுவார்கள். எனக்கு இதில் வேடிக்கை தெரியவில்லை. அந்த ஊருக்கு வந்து நூறு ஆண்டுகூட ஆகாத ஒரு வியாபாரச் சரக்கு, ஒரு சமூகத்தின் பூஜைப் பொருளாகும் அளவுக்கு எளிதாகக் கிடைத்திருக்கிறது, வருத்தத்துக்குரியது அதுதான்.

விளைவு என்ன? 1988ல் மெக்சிகோவில் மூன்று பெண்களில் ஒருவருக்கு எடை கூடுதல். 2012 வாக்கில் பத்தில் ஏழு பேருக்கு. 2016 நவம்பரில் சர்க்கரை நோயையும் உடல் பருமனையும் குறித்து அரசு சுகாதார அவசர நிலையையே அறிவித்தது. காலரா, டெங்கு போன்ற தொற்று நோய்க்குத்தான் அப்படி அறிவிப்பது வழக்கம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் சர்க்கரை நோயால் இறந்துகொண்டிருந்தார்கள்.

எல்லாப் பழியையும் நாஃப்டாமேல் போட்டுவிட முடியுமா? முடியாது. நகரமயமாதல், உட்கார்ந்தே செய்யும் வேலை, கையில் கொஞ்சம் கூடுதல் காசு என்று பல காரணங்கள் உண்டு. கோலா மோகமும் 1994க்கு முந்தியது. பொருளாதார ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பார்க்க முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான உணவு மட்டும், மெக்சிகோ பெண்களிடையே 1988க்கும் 2012க்கும் இடையில் கூடிய உடல் பருமனில் அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்குக்குக் காரணமாகலாம் என்று ஒரு கணக்கு சொல்கிறது. கனடாவிலும் இதேபோல் ஒன்று பார்த்தார்கள். அமெரிக்காவுடன் 1989ல் தடையற்ற வர்த்தகம் தொடங்கியபின், அங்கே ஆளுக்கு நாளொன்றுக்குக் கிடைக்கும் உணவின் அளவு ஏறத்தாழ 170 கலோரி கூடியதாக மதிப்பீடு. ஐந்தில் ஒரு பங்கு என்பது சிறிய விஷயமில்லை. ஆனால் கவனியுங்கள், அது இறக்குமதியான உணவின் கணக்கு மட்டும். சான் கிறிஸ்தோபால் ஆலையில் நிரம்பும் பாட்டில் அந்தக் கணக்கில் வராது.

ஒரே பானத்துக்கு இரண்டு வரிகள்

மெக்சிகோ குளிர்பானத்துக்கு இரண்டு முறை வரி போட்டது. ஒரு முறை தோற்றது, ஒரு முறை ஜெயித்தது. வர்த்தக விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

முதல் வரி 2002 ஜனவரியில். கரும்புச் சர்க்கரை அல்லாத வேறெந்த இனிப்பைச் சேர்த்த குளிர்பானமாக இருந்தாலும் 20 சதவீத வரி. குறி வைத்தது அமெரிக்க மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் ஃபிரக்டோஸ் பாகை. அது வெள்ளைச் சர்க்கரையைவிட மலிவு, குழாயில் ஓடும், ஆலைகளுக்கு வசதி. மெக்சிகோவின் கரும்பு விவசாயிகள் கைவிடப்பட்டார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் இந்த வரி. உடல்நலம் அன்றைக்கு யார் வாயிலும் வரவில்லை. கரும்புச் சர்க்கரை போட்ட கோலாவைக் குடித்தால் மட்டும் சர்க்கரை நோய் வராதா என்ன?

அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2005ல் மெக்சிகோ தோற்றது, மேல்முறையீட்டில் 2006ல் மறுபடி தோற்றது, 2007 தொடக்கத்தில் வரியை எடுத்துவிட்டது. அத்தோடு முடியவில்லை. 11ஆம் அத்தியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான்கு நிறுவனங்கள் மூன்று வழக்குகளில் நஷ்ட ஈடு கேட்டன. கார்ன் புராடக்ட்ஸ் இன்டர்நேஷனலுக்கு 5.84 கோடி டாலர், ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்டும் டேட் அண்ட் லைலும் சேர்ந்து போட்ட வழக்கில் 3.35 கோடி, கார்கிலுக்கு 7.73 கோடி. கூட்டினால் ஏறக்குறைய 17 கோடி டாலர், மெக்சிகோ மக்களின் வரிப்பணத்திலிருந்து. நிதி அமைச்சகத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி அடுத்த முறை குளிர்பானம் என்ற பேச்சை எடுக்கவே யோசிப்பார் அல்லவா?

யோசித்தார்கள், நன்றாகவே யோசித்தார்கள். 2014 ஜனவரியில் வந்த இரண்டாவது வரி லிட்டருக்கு 1 பெசோ. கரும்புச் சர்க்கரையா, சோளப் பாகா, எந்த நாட்டு நிறுவனம் என்ற பேச்சே இல்லை. சேர்த்த சர்க்கரை இருந்தால் வரி, அவ்வளவுதான். கூடவே 100 கிராமுக்கு 275 கலோரிக்கு மேல் உள்ள நொறுக்குத் தீனிக்கு 8 சதவீதம். முதல் ஆண்டில் வரி விதித்த பானங்களின் விற்பனை சராசரியாக 6 சதவீதம் குறைந்தது, ஆண்டுக் கடைசியில் 12 சதவீதம். ஏழை வீடுகளில் அதே டிசம்பரில் 17 சதவீதம். இரண்டாம் ஆண்டிலும் குறைவு தொடர்ந்தது. இதை எதிர்த்துத் தொழில்துறை உள்நாட்டில் விளம்பரம், அழுத்தம் எல்லாம் செய்து பார்த்தது. சர்வதேச வழக்கு மட்டும் போடவில்லை, ஏனென்றால் பாகுபாடு என்று சுட்டிக்காட்ட அதில் எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் இரண்டு தரப்பினரோடும் எனக்குக் கருத்து வேறுபாடு. உலக வர்த்தக விதிகள் மக்கள் நலச் சட்டங்களை நசுக்கிவிடும் என்பார்கள் ஒரு தரப்பார். ஆனால் காட் எனப்படும், 1947ல் எழுதிய பொது வர்த்தக உடன்பாட்டின் 20ஆம் பிரிவே, மனித உயிரையும் உடல்நலத்தையும் காக்கத் தேவையான நடவடிக்கைகளுக்கு விதிவிலக்குத் தருகிறது. அப்படியானால் கவலையில்லை, வர்த்தகம் வேறு சுகாதாரம் வேறு என்பார்கள் இன்னொரு தரப்பார். அதுவும் சரியில்லை. விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்கும் சுமை சட்டம் போட்ட நாட்டின் தலையில். உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனிவாவில் வாதாடத் தெரிந்த வழக்கறிஞர்கள் வேண்டும், ஆண்டுக்கணக்கில் செலவழிக்கப் பணம் வேண்டும். மெக்சிகோவுக்கு அது இருந்தது. சமோவாவுக்கு?

சிகரெட்டுப் பெட்டிமேல் நடந்த சண்டை

அந்தச் செலவு என்ன என்பதைப் புகையிலை வழக்குகள் காட்டிவிட்டன. 1980களின் கடைசியில் ஜப்பான், தைவான், தென் கொரியா, தாய்லாந்து ஆகியவற்றின் சிகரெட்டுச் சந்தையைத் திறக்கச் சொல்லி அமெரிக்கா நெருக்கியது. தாய்லாந்து மட்டும் வழக்காடியது. 1990ல் வந்த முடிவு பாதிக்குப் பாதி: வெளிநாட்டுச் சிகரெட்டை மட்டும் தடுப்பது தவறு, எல்லாச் சிகரெட்டுக்கும் பொதுவாக விளம்பரத் தடை போட்டால் தவறில்லை. மெக்சிகோவின் இரண்டு வரிகளுக்கும் நேர்ந்தது இதே விதியின்படிதான்.

பிறகு உருகுவே. மக்கள்தொகை 35 லட்சம்கூட இல்லை. சென்னை நகரத்தில் பாதிதான் இருக்கும். அதன் அப்போதைய குடியரசுத் தலைவர் தபாரே வாஸ்கெஸ் புற்றுநோய் மருத்துவர். சிகரெட்டுப் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் வேண்டும், ஒரு பிராண்டுக்கு ஒரே வகைப் பெட்டிதான் என்று அந்த நாடு உத்தரவு போட்டது. 2010ல் ஃபிலிப் மோரிஸ் சிகரெட்டு நிறுவனம், சுவிட்சர்லாந்துக்கும் உருகுவேக்கும் இருந்த முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட்டது. வரிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நிறுவனத்தின் அப்போதைய ஆண்டு வருவாய், உருகுவேயின் மொத்த ஆண்டு உற்பத்தியைவிடப் பெரிது. நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க்கின் அறக்கட்டளை கைகொடுத்திராவிட்டால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். 2016 ஜூலையில் உருகுவே ஜெயித்தது. வழக்குச் செலவில் 70 லட்சம் டாலரை நிறுவனம் தர வேண்டும் என்று தீர்ப்பு. மீதிச் செலவு ஜெயித்த நாட்டின் கணக்கில்.

ஆஸ்திரேலியா 2012ல் எல்லாச் சிகரெட்டையும் ஒரே மங்கலான நிறப் பெட்டிக்குள் அடைத்தபோது, அதே நிறுவனம், ஹாங்காங்கோடு ஆஸ்திரேலியா 1993ல் போட்டிருந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தது. அதற்காகவே ஆஸ்திரேலியக் கிளையின் பங்குகளை 2011ல் ஹாங்காங் கிளையின் பெயருக்கு மாற்றியது. இது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சொல்லித் தீர்ப்பாயம் 2015ல் வழக்கையே ஏற்க மறுத்தது. அதற்குள் ஆஸ்திரேலியாவுக்கு ஏறத்தாழ 2.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவு. பாதிதான் திரும்பக் கிடைத்தது. பக்கத்து நாடான நியூசிலாந்து அதே சட்டத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, இந்த வழக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக் காத்திருந்தது, 2016ல்தான் நிறைவேற்றியது. வழக்குப் போட்ட நிறுவனம் தோற்றுப்போனது உண்மை. அந்த இடைவெளியில் பக்கத்து நாட்டில் சில ஆண்டுகள் வழக்கமான பெட்டி விற்றதும் உண்மை.

புகையிலைக்கு உலகம் முழுக்கக் கெட்ட பெயர். எச்சரிக்கைப் படம் வேண்டாம் என்று யாரும் வெளிப்படையாக வாதாட மாட்டார்கள். சாப்பாட்டில் அப்படி இல்லை. சிலி நாடு 2016 ஜூனில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம் என்றது. சீரியல் டப்பாவிலிருந்த கார்ட்டூன் புலியும் போனது. உலக வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகளுக்கான குழுவில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் கூட்டத்துக்குக் கூட்டம் கேள்வி எழுப்பின. கேள்வி எழுப்பியவர்களில் மெக்சிகோவும் உண்டு! அதே மெக்சிகோ 2020 அக்டோபரில் அதே எண்கோணத்தைத் தன் பாக்கெட்டுகளில் ஒட்டியது. இடையில் 2018ல், நாஃப்டாவைத் திருத்தி எழுதும் பேச்சில் இத்தகைய முத்திரைகளைக் கட்டுப்படுத்தும் வாசகத்தைச் சேர்க்க அமெரிக்கத் தரப்பு முயன்றது வெளியே வந்து சர்ச்சையானது. வெளியே வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கலாம். வர்த்தகப் பேச்சு வரைவுகள் ரகசியம் என்பதால், சுகாதார அமைச்சகத்துக்கே பல நாடுகளில் கடைசியில்தான் தெரியும்.

நம் ரேஷன் கடை வரை

இந்தியாவில் இதற்கு இணையாகச் சொல்ல வேண்டுமென்றால் குளிர்பானத்தைவிட எண்ணெயைச் சொல்வேன். 1994 வரை பாமாயில் இறக்குமதி அரசின் கையில் இருந்தது. அந்த ஆண்டு தனியாருக்குத் திறந்துவிட்டார்கள்; 65 சதவீதமாக இருந்த வரி சில ஆண்டுகளில் 15 சதவீதத்துக்கு இறங்கியது. இன்று உலகிலேயே அதிகமாகப் பாமாயில் வாங்கும் நாடு இந்தியா, ஆண்டுக்கு 75 லட்சம் டன்னிலிருந்து ஒரு கோடி டன்வரை. நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2025 மே மாதக் கடைசியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய் வகைகளின் அடிப்படை வரியை 20லிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள். விலைவாசி பற்றிய செய்தியாகத்தான் அது பத்திரிகைகளில் வந்தது.

தமிழ்நாட்டில் 2007 முதல் ரேஷனில் பாமாயில் பாக்கெட் கிடைக்கிறது, லிட்டர் 25 ரூபாய்க்கு. வெளியே எந்த எண்ணெயும் இந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு 40 முதல் 50 சதவீதம், கடலை எண்ணெயில் அதில் பாதிக்கும் குறைவு. 'அதற்குப் பதில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடுங்கள்' என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். (தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலைவிட மிக அதிகம் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.) வனஸ்பதியோடு ஒப்பிட்டால் பாமாயில் தேவலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு உறுத்துவது ரேஷன் பாக்கெட் அல்ல. அது கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டில் எண்ணெயைக் குறைத்து ஊற்றலாம். எந்த பிஸ்கட் பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் பாமாயில் இருக்கும். கெட்டுப்போகாது, மலிவு, மொறுமொறுப்புத் தரும். வரிக் குறைப்பின் பெரிய பயனாளி அந்தத் தொழில்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023ல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம்.

நோய் வந்தபின் மாத்திரை. இதில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. நாள்பட்ட நோய் என்றாலே வாழ்நாள் முழுக்க மருந்து, ஆகவே மருந்து விலைதான் ஆயுள். உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாட்டுக்காக இந்தியா 2005ல் மருந்துகளுக்கும் காப்புரிமை தரத் தொடங்கியது. அப்போது சட்டத்தில் 3(டி) என்ற பிரிவையும் சேர்த்தது: பழைய மருந்தைச் சற்றே மாற்றி, பலன் கூடாமல், புதுக் காப்புரிமை கேட்க முடியாது. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் செய்த விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. பிரிவே செல்லாது என்று போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007ல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நோவார்ட்டிஸின் கோரிக்கையை மறுத்தது. மாதம் ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய் என்றிருந்த மருந்து, இந்திய நிறுவனங்களிடம் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. 2007 தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் ஆப்பிரிக்காவிலும் பாதிப்பு எதிரொலித்திருக்கும், அங்கே நிறைய மாத்திரைகள் இங்கிருந்து போவதால்.

அதன்பின் மருந்து நிறுவனங்கள் சண்டையை நீதிமன்றத்திலிருந்து வர்த்தகப் பேச்சுவார்த்தைக்கு மாற்றிக்கொண்டன. ஐரோப்பாவோடு பேசும்போதெல்லாம் மருந்துச் சோதனைத் தரவுகளுக்கு ஏகபோக உரிமை (அந்தத் தரவை நம்பி மற்ற நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு அனுமதி கேட்க முடியாது) என்ற கோரிக்கை வந்துகொண்டே இருந்தது. அதைக் கொடுத்தால் 3(டி) இருந்தும் பாதிப் பயன்தான்.

இப்போது அடுத்தடுத்து ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தானதில் விஸ்கிக்கான வரி 150 சதவீதத்திலிருந்து உடனே 75 ஆகவும், பத்து ஆண்டுகளில் 40 ஆகவும் இறங்கும். சாக்லேட், பிஸ்கட், குளிர்பானங்களுக்கும் சலுகை. பிரிட்டன் விஸ்கியும் பிஸ்கட்டும் நம் ஊர்க் கடைகளை நிறைத்துவிடும் என்று நான் பயப்படவில்லை. மெக்சிகோவைப் பார்த்தவர்கள் பயப்பட வேண்டியது வேறு பக்கத்தில். முன்பக்க எச்சரிக்கை முத்திரை இன்னும் இந்தியாவில் வரவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022ல் வெளியிட்ட வரைவு எச்சரிக்கையை விட்டுவிட்டு நட்சத்திர மதிப்பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. எவ்வளவு மோசமான பாக்கெட்டுக்கும் அரை நட்சத்திரமாவது கிடைக்கும். நாளைக்கு அதை மாற்றிக் கறுப்பு முத்திரை என்று முடிவானால், எந்த ஒப்பந்தத்தில் எந்த நிறுவனம் எதைக் காட்டி வரும்?

இந்த விஷயத்தில் இந்தியா ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்திருக்கிறது. வொய்ட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்திடம் 2011ல் நடுவர் தீர்ப்பாயத்தில் தோற்றபின், பழைய முதலீட்டு ஒப்பந்தங்களை 2016 முதல் வரிசையாக முடித்துக்கொண்டது. புதிய மாதிரி ஒப்பந்தத்தில், முதலில் ஐந்து ஆண்டுகள் இந்திய நீதிமன்றத்தில் வழக்காடிவிட்டுத்தான் வெளியே போகலாம் என்று விதி. பொதுச் சுகாதாரத்துக்கான சட்டங்களுக்குத் தனி விலக்கும் உண்டு. ஆனால் 2024ல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு போட்டதில் அந்த ஐந்து ஆண்டு மூன்றாகக் குறைந்துவிட்டது. அடுத்து வருகிறவர்கள் அதிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார்கள். முடித்துக்கொண்ட ஒப்பந்தங்களும் முழுதாக முடியவில்லை. அவை அமலில் இருந்தபோது வந்த முதலீட்டுக்குப் பெரும்பாலானவற்றில் இன்னும் 10 முதல் 15 ஆண்டுகள் பாதுகாப்பு நீடிக்கும் என்று வாசகம் இருக்கிறது. 2016க்கு முன் இங்கே ஆலை கட்டிய உணவு நிறுவனங்களில் பலவற்றுக்கு அந்தக் கணக்கு 2030ஐ ஒட்டித்தான் தீரும்.